காய், கனி, கிழங்கு: வீட்டுத்தோட்டப் பயிர்களின் இனமறிதல்

நற்பிட்டிமுனை, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய கரையோர ஊர்களுக்குக் கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியும் உள்ளன. இரண்டிற்கும் இடைப்பட்ட மணற்பாங்கான மேட்டுநிலத்திற் குடிமனைகள் நெருங்கி அமைந்திருக்கின்றன. அம்மனைகளின் வளவுகளிற் கிணற்று நீரைக்கொண்டு கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டி, பயற்றை, பூசணி முதலியன செய்கை பண்ணப்படுகின்றன. வளவு சிறியதாதலின் ஒரே பாத்தியிற் போகந்தோறும் பயிர்வைக்க நேர்கின்றது.

போகத்துக்குப் போகம் பயிரை மாற்றி நட்டும் செடிகள் வாடி மடிகின்றன என்று பயிரிடுவோர் முறையிடுவதுண்டு. அவர்கள் மாற்றிய பயிர் யாது என்று ஆராய்ந்தால், சென்ற போகத்திற் கத்தரி நின்ற பாத்தியில் இப்போகத்தில் தக்காளியோ மிளகாயோ நடப்பட்டிருக்கும். இது பெயரளவிலான மாற்றமேயன்றி உண்மையான மாற்றமன்று. தாவரநூலின்படி இம்மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைப் பற்றிய நோய் மற்றையவற்றையும் பற்றும். ஆதலின் நாள்தோறும் சந்தையில் வாங்கி அடுப்பில் ஏற்றும் பொருள்களின் இனத்தை அறிந்துகொள்வது வெறும் ஏட்டுக்கல்வியன்று. விளைச்சலைக் காக்கும் வழியுமாகும்.

சமையலறை வகுப்பும் தாவரநூல் வகுப்பும்

மக்கள் பயிர்களை அவற்றின் பயன்கொண்டு வகுக்கின்றனர். கறிக்கு உதவுவது மரக்கறி; இனிப்பாகத் தின்னப்படுவது பழம். தமிழிற் பிஞ்சு, காய், பழம் என்னும் சொற்கள் ஒரே பொருளின் வளர்ச்சிப் படிகளையே குறிக்கின்றன. பப்பாசி காயாக இருக்கும்போது கறியாகும். பழுத்தபின் அப்படியே உண்ணப்படும். பலாவும் அவ்வாறே. எனவே காயையும் பழத்தையும் வேறுவேறு இனமாகக் கொள்ளும் மயக்கம் தமிழ் வழக்கில் அதிகமில்லை. மயக்கம் தருவது மரக்கறி என்னும் பொதுச்சொல்லே. அது வெண்டிக்காய், முளைக்கீரை, மரவள்ளிக்கிழங்கு, வெங்காயம் ஆகிய நான்கையும் ஒரே கூடையில் இடுகின்றது. தாவரநூலார் நோக்கில் இவற்றுள் முதலாவது கனி, இரண்டாவது தண்டும் இலையும், மூன்றாவது வேர், நான்காவது தடித்த இலையடிகளின் தொகுதி.

பயனை விடுத்துத் தாவரத்தின் அமைப்பைக்கொண்டு வகுக்கும் முறை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், வன்மை புறத்தே அமைந்த தாவரங்களைப் புல் எனவும், அகத்தே அமைந்தவற்றை மரம் எனவும் பிரிக்கின்றது. அம்முறையில் வானுயர நிற்கும் தென்னையும் பனையும் புல்லினத்தைச் சாரும். இக்காலத் தாவரநூலும் தென்னை, பனை, நெல் ஆகியவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரு பெரும் பிரிவினுள்ளேயே வைத்திருக்கின்றது.

இரு வகுப்புகளும் மோதிய வழக்கொன்று 1893ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உயர்நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது. அந்நாட்டின் 1883ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி இறக்குமதியாகும் மரக்கறிக்கு வரி உண்டு, பழத்துக்கு இல்லை. நிக்ஸ் என்னும் வணிகர், தக்காளி பழமே ஆதலால் தாம் செலுத்திய வரியைத் திருப்பித் தரவேண்டுமென்று நியூயோர்க் துறைமுகத்தின் வரி அதிகாரியான ஹெடன் என்பவர்மீது வழக்குத் தொடுத்தார். தாவரநூலின்படி தக்காளி கனியே என்பதை மன்றம் ஒப்புக்கொண்டது. எனினும் மக்கள் அதனை உணவோடு சேர்த்து மரக்கறியாகவே உண்கின்றனர் ஆதலின் வரி செலுத்தத்தக்கதே எனத் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ பழப்பாகு பற்றிய 2001ஆம் ஆண்டு விதியில், வேராகிய கரட்டையும் பழமாகக் கணக்கிடுகின்றது.

சட்டம் வரியையும் வாணிபத்தையும் நோக்குகின்றது. சமையலறை சுவையை நோக்குகின்றது. தாவரநூல் பிறப்பை நோக்குகின்றது. ஒவ்வொன்றும் தத்தம் இடத்திற் பொருத்தமானதே. சமையலறையின் வகுப்பைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லும்போதுதான் இழப்பு நேர்கின்றது.

கனி என்பது யாது?

பூவின் நடுவே சூலகம் என்னும் உறுப்பு உண்டு. அதனுள் சூல்கள் அடங்கியிருக்கும். மகரந்தம் சேர்ந்து கருவுற்றபின் சூலகம் கனியாகவும் சூல்கள் வித்துகளாகவும் வளர்கின்றன. ஆகவே பூவின் சூலகத்திலிருந்து உண்டாகி வித்தைத் தாங்குவது எதுவோ அது கனி. அஃது இனிப்பதும் புளிப்பதும் கசப்பதும் இங்குக் கணக்கில்லை. இவ்விலக்கணப்படி கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டி, பயற்றை, பாகல், புடோல், பூசணி, முருங்கை ஆகிய யாவும் கனிகளே.

வாழை இதற்குச் சிறிது விலக்கானது. உண்ணும் வாழையினங்களிற் கருவுறாமலே சூலகம் கனியாகின்றது. பழத்தின் நடுவே காணப்படும் சிறு கரும்புள்ளிகள் வளர்ச்சியடையாத சூல்களாம். காட்டு வாழையிற் கடினமான வித்துகள் நிறைந்திருக்கும்.

கனிகளின் வகைகள்

(அ) சதைக்கனி: கனிச்சுவர் முழுதும் மென்மையாகி வித்துகளைச் சூழ்ந்திருப்பது. தக்காளி, கத்தரி, கொய்யா, பப்பாசி ஆகியன இவ்வகை. வத்தகைப்பழம், பூசணி, வெள்ளரி என்பனவும் புறத்தோல் தடித்த சதைக்கனிகளே.

(ஆ) ஓட்டுச்சதைக்கனி: கனிச்சுவரின் உட்பகுதி வன்மையான ஓடாகி வித்தைக் காப்பது. மாங்கொட்டையின் வன்மையான புறம் வித்தன்று, கனிச்சுவரின் உட்புறமே. உண்மையான வித்து அதனுள் இருக்கும் பருப்பாகும். தேங்காயும் இவ்வகையினதே. அதன் புறத்தோல், தும்பு, சிரட்டை ஆகிய மூன்றும் கனிச்சுவரின் மூன்று படைகள். வெண்ணிறப் பருப்பும் இளநீரும் முளைக்கு உணவாக அமைந்தவை.

நோன்பு துறக்கும்போது உண்ணப்படும் பேரீச்சம்பழத்தைப் பிளந்து நோக்கின் இவ்விரு வகைகளின் வேறுபாடு தெளிவாகும். அதன் கொட்டை மாங்கொட்டை போல வன்மையானதாயினும் அது கனிச்சுவரன்று, வித்தே. கொட்டையைச் சுற்றிக் கடதாசி போல ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வே கனிச்சுவரின் உட்படை. எனவே பேரீச்சம்பழம் சதைக்கனியாகும்.

(இ) தானியக்கனி: நெல்மணியும் ஒரு கனியே. உமி என்பது பூவை மூடியிருந்த செதில்கள். உமி நீக்கிய அரிசியிற் கனிச்சுவரும் வித்தின் தோலும் பிரிக்கவியலாதபடி ஒன்றியுள்ளன. ஆலையில் தீட்டும்போது தவிடாகக் கழிவது இக்கனிச்சுவரும் அதனையடுத்த படைகளும் முளையுமாம். குரக்கன், சோளன் என்பனவும் தானியக்கனிகளே.

(ஈ) நெற்று: முற்றியபின் உலர்ந்து இரு விளிம்புகளிலும் வெடிப்பது. பயற்றை, பாசிப்பயறு, உழுந்து, அவரை என்பன இவ்வகை. கச்சான் எனப்படும் நிலக்கடலையும் இவ்வினத்ததே. அது மண்ணில் விளைவதாற் கிழங்கென்றோ வேரென்றோ கருதுதல் தவறு. பூ நிலத்தின் மேலேயே மலர்கின்றது. கருவுற்றபின் சூலகத்தின் காம்பு நீண்டு மண்ணினுட் புகுந்து அங்கே காய்க்கின்றது. ஆதலின் காம்புகள் மண்ணை நாடும் பருவத்தில் மண் பொலபொலப்பாக இருத்தல் வேண்டும். அவை இறங்கியபின் செடியின் அடியைக் கொத்திக் கலைத்தல் ஆகாது. முருங்கைக்காய் தோற்றத்தில் நெற்றைப் போன்றதாயினும் மூன்று பிளவாக வெடிப்பது. பயற்றைக்கும் அதற்கும் உறவில்லை.

(உ) திரள்கனியும் கூட்டுக்கனியும்: சீத்தாப்பழம் ஒரே பூவின் பல சூலகங்கள் திரண்டு உண்டானது. பலாப்பழமும் அன்னாசியும் பல பூக்கள் ஒன்றுகூடி உண்டானவை. பலாவின் ஒவ்வொரு சுளையும் ஒவ்வொரு பூவுக்குரியது. சுளைகளிடையே கிடக்கும் சக்கை கருவுறாத பூக்களின் எச்சம்.

(ஊ) பொய்க்கனி: மரமுந்திரிகையிற் பழம் எனப்படும் சாறுள்ள பகுதி பூக்காம்பின் வீக்கமாம். அதன் நுனியிற் கொட்டையாகத் தொங்குவதே உண்மைக் கனி.

நிலத்தின் கீழ் விளைவன

கிழங்கு என்று பொதுவாக வழங்குவனவற்றுள்ளும் வேற்றுமை உண்டு. வற்றாளையும் மரவள்ளியும் கரட்டும் பீற்றூட்டும் உணவைச் சேமித்த வேர்கள். உருளைக்கிழங்கு, இஞ்சி, மஞ்சள் ஆகியன தண்டுகள். வெங்காயமோ குறுகிய தண்டைச் சூழ்ந்த இலையடிகள்.

இது நடுகைக்குப் பயன்படும் அறிவு. தண்டில் அரும்புகள் வரிசையாக உள்ளன. உருளைக்கிழங்கின் கண்களும் இஞ்சியின் கணுக்களும் அத்தகையன. எனவே கண்ணுள்ள துண்டை நட்டால் அது முளைக்கும். மரவள்ளி வேரில் அத்தகைய கண்கள் இல்லை. வேர்த்துண்டை நட்டுப் பயனில்லை. ஆதலாலேயே அதன் தடி நடப்படுகின்றது. வற்றாளை வேர் முளைவிடக்கூடியதாயினும் கொடித்துண்டை நடுவதே நல்ல விளைச்சல் தரும்.

பெயரால் நேரும் மயக்கம்

சில பயிர்களின் பெயர்கள் அவற்றின் இனத்தை மறைக்கின்றன. மிளகாய் என்னும் பெயர் மிளகை ஒட்டி வந்தது. ஆயின் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து போர்த்துக்கேயர் வழியாக இப்பகுதிகளுக்கு வந்த கத்தரிக் குடும்பப் பயிர்; மிளகோ வெற்றிலைக் குடும்பத்துக் கொடி. உறைப்பு ஒன்றாயினும் உறவு இல்லை.

மரமுந்திரிகை பெயரால் முந்திரிகைக்கு, அதாவது திராட்சைக்கு, உறவுபோலத் தோன்றும். அது மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது.

வற்றாளையும் உருளைக்கிழங்கும் கறியில் ஒன்றுக்கொன்று மாற்றாயினும் குடும்பம் வேறு. உருளைக்கிழங்கு கத்தரிக்கு உறவு. வற்றாளைக்கு உறவானது கடற்கரை மணலிற் படரும் அடம்பன் கொடி. பூவின் வடிவை ஒப்பிட்டால் இவ்வுறவு விளங்கும். வற்றாளைக்கிழங்கைத் துளைக்கும் வண்டு அதன் இனத்துக் காட்டுக்கொடிகளிலும் தங்கக்கூடியது. எனவே தோட்டத்துள்ளும் வேலியோரத்திலும் இவ்வினக் கொடிகள் படரவிடலாகாது. கடற்கரையில் மணலைக் கட்டிக்காக்கும் அடம்பனை அழிக்கவேண்டியதில்லை. வற்றாளைப் பாத்தியை அதனின்று விலக்கி அமைத்தல் போதும்.

குடும்பம் அறிதலின் பயன்

தாவரநூலார் குடும்பத்தை நிச்சயிப்பதற்குப் பூவின் அமைப்பையே முதன்மையாகக் கொள்வர். காயின் வடிவும் சுவையும் பயிராக்கத்தால் எளிதில் மாறக்கூடியன. பூவின் அமைப்போ அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. கத்தரிப்பூவையும் தக்காளிப்பூவையும் மிளகாய்ப்பூவையும் அருகருகே வைத்து நோக்குவோர் நிறத்தில் வேற்றுமையையும் அமைப்பில் ஒற்றுமையையும் காண்பர்.

1. கத்தரிக் குடும்பம். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, சுண்டங்கத்தரி, புகையிலை ஆகியன இதன் உறுப்புகள். பற்றீரியா வாடல் நோய் இக்குடும்பத்தின் பெரும்பகை. இலைகள் மஞ்சளாகாமற் பச்சையாகவே நண்பகலிற் சோர்ந்து, சில நாட்களுட் செடி முழுதும் மடியும். ஐயமுறுவோர் செடியின் அடித்தண்டை வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் வெட்டுமுகம் அமிழுமாறு பிடித்து நோக்குக. சில நிமிடங்களிற் பால்போன்ற இழை நீரில் இறங்கினால் அது பற்றீரியா வாடல் நோயே. நீர் போதாமையால் வாடுகின்றதென எண்ணி மேலும் நீரூற்றுவதாற் பயனில்லை. வழிந்தோடும் நீர் கிருமியை அடுத்த செடிக்குக் கொண்டுசெல்லும்.

இக்கிருமி மண்ணில் நெடுநாள் உயிர்வாழ்வது. எனவே நோயுற்ற செடியை வேரோடு அகற்றி எரித்துவிட்டு, அப்பாத்தியில் இக்குடும்பத்துப் பயிர் எதனையும் பல போகங்களுக்குத் தவிர்த்தல் வேண்டும். வயலிற் சிறுபோகத்தில் மரக்கறி வைப்போருக்கு ஓர் அனுகூலம் உண்டு. பெரும்போக நெல்லுக்காக நீர் தேங்கி நிற்கும் நிலத்தில் இக்கிருமி பெரிதும் குறையும். மேட்டுநில வளவுக்கு அந்த அனுகூலம் இல்லாமையால் பாத்தி மாற்றமே துணை.

உறவு தீங்கை மட்டும் தருவதன்று. ஒரே குடும்பத்துச் செடிகளை ஒட்டவைக்கலாம். வாடலைத் தாங்கவல்ல சுண்டங்கத்தரியை அடிக்கட்டையாகக் கொண்டு அதன்மேற் கத்தரியை ஒட்டுவது பலவிடங்களிலும் கைக்கொள்ளப்படும் முறை.

புகையிலையும் இக்குடும்பத்ததாகலின் அதன் சித்திரவடிவ வைரசு நோய் தக்காளியையும் மிளகாயையும் தாக்கும். சுருட்டு, பீடி, வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலை ஆகியவற்றைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின்னரே நாற்றைத் தொடுதல் வேண்டும்.

2. பூசணிக் குடும்பம். பூசணி, நீற்றுப்பூசணி, பாகல், புடோல், பீர்க்கு, சுரை, வெள்ளரி, வத்தகை என்பன இதிலடங்கும். இவற்றிற் பெரும்பாலும் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் வெவ்வேறாக உள்ளன. பெண்பூவின் அடியிற் சிறு பிஞ்சு காணப்படும், ஆண்பூ வெறுங்காம்புடையது. கொடியில் முதலில் தோன்றுவன ஆண்பூக்கள். அவை உதிர்வது நோயன்று. மருந்து தெளித்தல் வேண்டா.

பெண்பூவின் பிஞ்சு பழுத்து வெம்பி விழுமாயின் மகரந்தச் சேர்க்கை குறைந்ததென அறிக. பூசணி, வெள்ளரி, பாகல், வத்தகை ஆகியன காலையில் மலர்ந்து தேனீக்களை நம்பியிருப்பன. பூக்கும் காலத்திற் காலைவேளையிற் பூச்சிநாசினி தெளிப்பது தன் விளைச்சலைத் தானே அழிப்பதாகும். புடோல், சுரை, பீர்க்கு ஆகியன மாலையில் அல்லது இரவில் மலர்வன. இரவிற் பறக்கும் அந்துப்பூச்சிகள் அவற்றுக்கு உதவுகின்றன. தேனீ குறைந்தவிடத்து ஆண்பூவைப் பறித்து இதழ்களை நீக்கிப் பெண்பூவின் நடுவே மெல்லத் தடவலாம். பூசணிக்கு இதனை அதிகாலையிலும் பீர்க்குக்கு மாலையிலும் செய்தல் வேண்டும்.

பழ ஈ இக்குடும்பம் முழுவதற்கும் பொதுப்பகை. பாகலில் விழுந்த ஈ புடோலுக்கும் வெள்ளரிக்கும் செல்லும். குத்துண்ட காய்களை வேலியோரத்தில் எறியாமல் ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழத்திற் புதைக்க. இளம்பிஞ்சுகளைக் கடதாசி உறையால் மூடுதலும் நன்று.

3. பயற்றைக் குடும்பம். பயற்றை, கௌபி, பாசிப்பயறு, உழுந்து, அவரை, சிறகவரை, கச்சான் என்பன இதன்பாற்படும். இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பசளையாக மாற்றுகின்றன. மணல்நிலத்துக்கு இது பெருங்கொடை. அறுவடையின்பின் செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் அறுத்து வேரை மண்ணிலேயே விடுக.

நன்மை தரும் முடிச்சையும் வட்டப்புழுவால் உண்டாகும் வேர்முடிச்சு நோயையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். நன்மை தரும் முடிச்சு விரலால் உருட்டினாற் கழன்றுவிடும். பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நோயில் வேரே வீங்கியிருக்கும், வீக்கம் கழலாது. வட்டப்புழு மணல்நிலத்தில் மிகுவது. குடும்ப வேறுபாடு பாராமல் தக்காளி, வெண்டி, பூசணி ஆகியவற்றையும் பற்றுவது. ஆதலின் பாத்தி மாற்றம் மட்டும் இதற்குப் போதாது. வீங்கிய வேர்களை அகற்றி எரித்தல், கோடையில் மண்ணைக் கொத்திக் காயவிடல், கூட்டெருவை நிறைய இடல் ஆகியவற்றையும் செய்க.

4. பருத்திக் குடும்பம். வெண்டி, பருத்தி, செம்பருத்தி, பூவரசு என்பன உறவினங்கள். பருத்தியைக் கெடுக்கும் சிவப்பு மூட்டுப்பூச்சி பூவரசிலும் வெண்டியிலும் காணப்படும். வேலியிற் பூவரசு உள்ள வளவில் வெண்டியை வேலிக்கு அப்பால் தள்ளி நடுக.

பாத்தி மாற்றும் முறை

வளவிலுள்ள நிலத்தை நான்கு பாத்திகளாகப் பிரித்துப் பின்வருமாறு தொடங்கலாம்.

முதலாம் பாத்தி: கத்தரி, தக்காளி, மிளகாய்.
இரண்டாம் பாத்தி: பயற்றை, கௌபி, பாசிப்பயறு.
மூன்றாம் பாத்தி: பாகல், புடோல், வெள்ளரி.
நான்காம் பாத்தி: வெண்டி, கீரை, வெங்காயம்.

அடுத்த போகத்தில் முதலாம் பாத்தியின் பயிர்களை இரண்டாவதற்கும், இரண்டாவதன் பயிர்களை மூன்றாவதற்கும், மூன்றாவதன் பயிர்களை நான்காவதற்கும், நான்காவதன் பயிர்களை முதலாவதற்கும் மாற்றுக. இம்முறையிற் கத்தரி வகை எப்பொழுதும் பயற்றை வகை நின்ற பாத்திக்கே செல்லும். வேர்கள் விட்ட பசளை அதற்கு உதவும். ஆண்டுக்கு இரு போகம் செய்வோருக்கு ஒரு குடும்பம் பழைய பாத்திக்கு மீள இரண்டு ஆண்டுகள் ஆகும். வாடல் நோய் கண்ட பாத்திக்கு இக்காலமும் போதாது. அங்கே கத்தரி வகையை மேலும் சில போகங்களுக்குத் தவிர்த்துச் சோளன் முதலியவற்றைச் செய்கை பண்ணலாம். எந்தப் பாத்தியில் எந்தப் போகம் எது நின்றது என்பதை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதிவைத்தல் மறதியைத் தவிர்க்கும்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. மரக்கறி என்பது பயன்பற்றிய பெயர். பயிரின் இனத்தை அது காட்டாது.
2. பூவின் சூலகத்திலிருந்து உண்டாவது கனி. இனிப்பு அதற்கு அடையாளமன்று.
3. உண்ணும் பகுதி கனியா, இலையா, தண்டா, வேரா என அறிந்தே நடுபொருளைத் தெரிவுசெய்க.
4. உறவை அறியப் பூவை நோக்குக. பெயரையும் சுவையையும் நம்பற்க.
5. கத்தரிக்குப்பின் தக்காளியும் மிளகாயும் மாற்றுப்பயிராகா.
6. கொடிவகைகள் பூக்கும் காலத்திற் பூச்சிநாசினி தெளிக்குமுன் அவை மலரும் வேளையை அறிந்துகொள்க.

செடி வாடுதற்குக் காரணம் தெளிவாகாதவிடத்து, நோயுற்ற செடியொன்றை வேரோடும் அடிமண்ணோடும் ஒரு பையில் இட்டு அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுசென்று விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுக. அப்பாத்தியில் முன்னைய போகங்களில் நின்ற பயிர்களின் பெயர்களையும் உடன் கூறுதல் வேண்டும். நோயை நிச்சயிப்பதற்கு அவ்விபரம் செடியைப் போலவே இன்றியமையாதது.